நாட்கூலியை யார் தருவது: ஆலைப் பாதுகாப்புப் பயிற்சியில் நாங்கள் கற்றவை

எங்கள் அரிசி ஆலை உரிமையாளர் சங்கத்தின் கூட்டப் பதிவேட்டில், 2022 ஆம் ஆண்டு சித்திரை மாதக் கூட்டத்தின் கீழ், "உறுப்பினர் ஒருவரின் ஆலையில் சிறு விபத்து நேர்ந்தமை குறித்துக் கவலை தெரிவிக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. அதை எழுதிய செயலாளர் நான். அந்த உறுப்பினரும் நான்தான். சிறு விபத்து என்று நான் எழுதியது, என்னிடம் வேலை செய்த இருபத்து மூன்று வயதுத் தம்பி ஒருவர் வலக்கையில் இரண்டு விரல்களை இழந்ததை.

எனது ஆலை, வட இலங்கையில் கிளிநொச்சி மாவட்டத்தின் பரந்தனுக்குக் கிழக்கே, இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களை அண்டி இருக்கிறது. அந்த ஆண்டின் காலபோகம், அதாவது மாரிகால நெற்செய்கை, எல்லோரையும் போல எங்களையும் வருத்திய போகம். முந்திய ஆண்டு இரசாயன உரம் தடைசெய்யப்பட்டிருந்ததால் விளைச்சல் குறைந்திருந்தது, டீசலுக்கு வரிசை, அதற்கு மேல் மின்வெட்டு. பங்குனிக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் போனதை இந்த நாட்டில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் இருக்கும் சில மணித்தியாலங்களுக்குள் எவ்வளவு நெல்லைக் குற்றி முடிக்கலாம் என்பதே அன்றைய எங்கள் கணக்கு. நெல்லை மேலே தூக்கும் வாளிப் பட்டி, நாங்கள் எலிவேற்றர் என்று சொல்வது, அன்று மாலை அடைத்துக்கொண்டது. அதே நேரத்தில் மின்சாரமும் நின்றது. மின்சாரம் இல்லாத நேரத்தில் அடைப்பை எடுத்துவிடுவது தான் புத்தி என்று அந்தத் தம்பி எலிவேற்றரின் அடிப்பெட்டிக்குள் கையை விட்டார். மெயின் சுவிச்சை எவரும் கீழே இறக்கவில்லை. மின்சாரம் திரும்பி வந்தபோது, பழைய கைப்பிடிச் சுவிச்சோடு நேரடியாக இணைத்திருந்த அந்த மோட்டார், எவருடைய உத்தரவையும் எதிர்பாராமல் ஓடத் தொடங்கியது.

இந்த இடத்தில் ஒரு தொழில்நுட்ப விளக்கம் தேவை, ஏனெனில் எங்கள் பகுதியில் இன்றும் பல மோட்டார்கள் இப்படியே இணைக்கப்பட்டிருக்கின்றன. மோட்டாரைத் தொடக்கி நிறுத்தும் பெட்டியை நாங்கள் ஸ்ராட்டர் என்போம்; முறையான ஸ்ராட்டர் ஒன்றுக்குள் ஒரு மின்காந்தச் சுருள் இருக்கும். மின்சாரம் நின்றவுடன் அது தன் பிடியை விட்டுவிடும். மின்சாரம் திரும்பி வந்தாலும், ஒருவர் வந்து பச்சைப் பொத்தானை அமுக்கும் வரை மோட்டார் ஓடாது. கைப்பிடிச் சுவிச்சில் அந்தப் பாதுகாப்பு இல்லை. மேலே ஏற்றிய கைப்பிடி மேலேயே இருக்கும். ஸ்ராட்டர் பழுதாகி இரண்டு போகம் கடந்திருந்தது. திருத்தும் செலவை அடுத்த போகத்துக்கு, அடுத்த போகத்துக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தவன் நான்.

வைத்தியசாலைச் செலவையும் மூன்று மாதக் கூலியையும் நான் கொடுத்தேன்; கொடுத்ததை எனது பெருந்தன்மை என்றும் நினைத்துக்கொண்டேன். எவருக்கும் அறிவிக்கவில்லை. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு தொழிலாளி 3 நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமற்போகும் விபத்தை அறிவிக்க வேண்டும் என்பதோ, 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, வேலையின்போது வேலையின் காரணமாக நேர்ந்த காயத்துக்குப் பொதுவாக முதலாளியின் தவறு நிரூபிக்கப்படாமலே நட்டஈடு உரியது என்பதோ எனக்கு அப்போது தெரியாது. பதினைந்து ஆண்டுகள் ஆலை நடத்தியவனுக்குத் தெரியாதிருந்தது என்பதை இங்கே வெட்கத்தோடு எழுதுகிறேன். பிற்பாடு தொழில் அலுவலகத்துக்குப் போய், உரிய படிவத்தை நிரப்பி, அட்டவணைப்படி கணக்கிட்டுச் செலுத்தியபோது, தர்மமாக நான் நினைத்துக் கொடுத்த தொகை அவருக்கு உரித்தானதில் ஒரு பகுதி மட்டுமே என்று விளங்கியது.

அந்த ஆண்டு ஆவணியில், ஓர் அரச நிறுவனத்தின் ஏற்பாட்டில் எங்கள் சங்கத்துக்கு ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. மண்டபம், பதாகை, மங்கல விளக்கு, வடை, தேநீர், குழுப்படம் எல்லாம் குறைவின்றி இருந்தன. வந்த விரிவுரையாளர் தமது துறையில் ஆழ்ந்த அறிவுள்ளவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் திரையில் ஓடியவை தமிழில் இல்லை. மொழிபெயர்த்தவருக்கு ஆலை தெரியாது. பாடங்கள் கட்டட வேலைக்கு ஆயத்தம் செய்யப்பட்டவை. "சாரம் கட்டும்போது மிகுந்த கவனம் தேவை" என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னபோது மண்டபத்தின் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. மேசன்மாருக்குச் சாரம் என்றால் உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டும் கம்புத் தட்டு. எங்களுக்கு அது இடுப்பில் உடுக்கும் துணி. வேடிக்கை என்னவென்றால், அரிசி ஆலையில் மிகப் பெரிய ஆபத்துகளில் ஒன்று இடுப்பில் கட்டும் அந்தச் சாரம்தான்; அதைப்பற்றி அன்று முழுவதும் எவரும் ஒரு சொல் பேசவில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது, அது அந்த நிறுவனத்தின் குறை அல்ல, எங்களுடையது. கதிரைகளில் இருந்தவர்கள் எல்லோரும் உரிமையாளர்கள். பட்டிக்கு அருகே நிற்பவர், அவியல் தொட்டிக்குள் இறங்குபவர், மூடை சுமப்பவர் ஒருவர்கூட அங்கே இல்லை. அடுத்த நாள் ஆலையில் நான் படித்ததை ஒப்புவிக்க முயன்றபோது, மூடை தூக்கும் ஒருவர் நின்று கேட்டார். கடைசியில், "அண்ணை, உதுக்கு எங்களையும் கூப்பிட்டா நாங்கள் வருவம். ஆனால் அண்டைய நாட்கூலியை ஆர் தருவினம்?" என்றார்.

அரசு பயிற்சியாளரைத் தருகிறது, சான்றிதழ் தருகிறது; சங்கம் மண்டபத்தையும் ஆட்களையும் தருகிறது. தொழிலாளியின் ஒரு நாளை எவரும் தருவதில்லை. அவர் தனது கூலியை இழந்து வரவேண்டும், அல்லது வராமல் விடவேண்டும். வன்னியில் நாட்கூலிக்கு வேலை செய்யும் ஒருவருக்கு அந்த நாள் என்பது அன்றைய உலை. அரசும் தொழிற்சங்கங்களும் வர்த்தக அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் பயிற்சிகள் பல ஏன் உரிமையாளர்களின் கூட்டங்களாக முடிகின்றன என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக எளிய காரணம் இதுதான்.

நாங்கள் சிலர் சேர்ந்து தொழில் அலுவலகத்துக்குப் போனோம். போவதற்கு முன்னர் சங்கத்துக்குள் பெரிய வாக்குவாதம். "பாம்புப் புற்றுக்குள் நாங்களாகக் கையை விடுவதா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். பரிசோதகர் ஆலைக்குள் ஒரு முறை காலை வைத்தால், பதிவு, ஓடும் பாகங்களுக்குப் போடும் மறைப்பு, கொதிகலன், கழிப்பறை என்று ஒன்றொன்றாக எழுதிக்கொண்டு போவார் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அந்தப் பயத்தை உத்தியோகத்தரிடம் மறைக்காமல் சொன்னோம். அவர் சொன்ன பதில் நேர்மையானதாக எனக்குப் பட்டது: சட்டத்தைத் தம்மால் மறந்துவிட முடியாது, ஆனால் பயிற்சிக்கு வரும் நாள் வேறு, பரிசோதனைக்கு வரும் நாள் வேறு, பயிற்சி நாளில் காணும் குறைகளை அந்த ஆலைக்காரரிடமே சொல்லி, திருத்த ஒரு தவணை தருவார், அன்றே உயிருக்கு ஆபத்தான ஒன்றைக் கண்டால் மட்டும் அந்த இயந்திரத்தை அவ்விடத்திலேயே நிறுத்தச் சொல்வார், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. இதை ஒரு கடிதமாக எழுதி இரு பக்கமும் கையொப்பமிட்டோம். எழுத்தில் இருந்ததால்தான் பின்னர் உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போனபோதும் ஏற்பாடு குலையவில்லை. வேறு சங்கங்களுக்கு நான் முதலில் சொல்வது இதையே: வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

அந்தச் சந்திப்பில் அவர் இன்னொன்றும் சொன்னார். அதே 2022 ஆம் ஆண்டு ஆனி மாதம் ஜெனீவாவில் நடந்த சர்வதேசத் தொழில் மாநாட்டில், பாதுகாப்பானதும் சுகாதாரமானதுமான வேலைச் சூழலை வேலைக்கான அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள் என்றார். எனது ஆலையில் அந்தத் தம்பியின் விரல்கள் போய் அப்போது மூன்று மாதங்கூட ஆகியிருக்கவில்லை என்பதை நான் மனதுக்குள் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

கூலிக்கு நாங்கள் கண்ட வழி பெரிய கண்டுபிடிப்பு எதுவுமல்ல. பயிற்சி நாளின் கூலியில் பாதியை ஆலை உரிமையாளர் கொடுப்பது, மீதிப் பாதியைச் சங்க நிதியிலிருந்து கொடுப்பது, அந்த நிதிக்கு அறுவடைக் காலத்தில் ஒவ்வோர் ஆலையிடமிருந்தும் ஒரு தொகை வாங்குவது. கூலி, பயிற்சி முடிந்ததும் அங்கேயே கையில் கொடுக்கப்படும். "பிறகு தருவம்" என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன மதிப்பு என்பது எல்லோருக்கும் தெரியும்.

நாளைத் தெரிவு செய்ததில்தான் உண்மையான பயன் கிடைத்தது. முதலில் தைக்குப் பின்னர் வைக்கலாம் என்றார்கள். அறுவடை தொடங்கினால் எவருக்கும் மூச்சுவிட நேரமிராது என்று நான் மறுத்தேன். மார்கழியில் மழை. வயலில் நெல் நிற்கும், ஆலையில் வேலை குறைவு, நாட்கூலிக்காரருக்கும் வேலை இல்லை. அந்த மாதத்தில் கூலியோடு ஒரு நாள் என்றால் மழைக்குள் நனைந்தும் வருவார்கள். அதோடு, போகத்துக்கு முன்னர் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டும் மாதமும் அதுதான். கழற்றிக் கிடக்கும் இயந்திரத்தில் பட்டிக்கு மறைப்புப் போடுவது அரைநாள் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை மறைப்புக்காக நிறுத்தும்படி ஓர் உரிமையாளரைக் கேட்டுப் பாருங்கள்.

மண்டபத்தை விட்டோம். முதல் பயிற்சி எனது ஆலையில் நடந்தது. விபத்து நடந்த இடத்திலேயே வைக்கவேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். நான்கு ஆலைகளிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள், பெண்கள் உட்பட. நெல் காயவிடும் தளத்திலும் உமி அள்ளும் இடத்திலும் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கிறார்கள். முந்திய பயிற்சிக்கு அவர்களை அழைக்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

பயிற்சி கொடுத்த பொறியியலாளர், தமிழ் பேசுபவர், முதலில் ஒரு கேள்வியோடு தொடங்கினார். ஆபத்தைக் காட்டும் அடையாளம் எதையாவது கண்டிருக்கிறீர்களா என்று கேட்டார். மின்னல் குறியையோ தீக்குறியையோ அவர் எதிர்பார்த்திருப்பார். அங்கிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னது மிதிவெடிப் பலகை. சிவப்புப் பலகை, மண்டையோடு, அதன் பின்னால் நீளும் சிவப்புத் தலைக் கட்டைகள். மீள்குடியேறிய காலத்தில் சிவப்புக் கட்டைக்கு அப்பால் போகக்கூடாது, வெள்ளைக் கட்டை நட்ட இடம் துப்புரவாக்கப்பட்டது என்று சின்னப் பிள்ளைகளும் அறிந்திருந்தார்கள். ஒரு பெண், தமது மாடு சிவப்புக் கட்டையைத் தாண்டிப் போனபோது கரையில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்த கதையைச் சொன்னார். பொறியியலாளர் தமது கடதாசிகளை மடித்து வைத்துவிட்டார்.

அன்று மாலைக்குள் எங்கள் ஆலையின் பாதுகாப்பு முறை உருவாகிவிட்டது. இயந்திரத்தில் கைவைக்கும் எவரும் முதலில் மெயின் சுவிச்சைக் கீழே இறக்க வேண்டும்; அதன் கைப்பிடியில் துளையிட்டு, தமது சொந்த ஆமைப்பூட்டால் பூட்ட வேண்டும்; அந்தப் பூட்டில் சிவப்பு வர்ணம் பூசிய ஒரு கட்டையைத் தொங்கவிட வேண்டும்; திறப்பு அவருடைய மடியிலேயே இருக்க வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. பூட்டிய பிறகு ஒரு முறை பொத்தானை அமுக்கி, ஓடவில்லை என்பதைக் கண்டுகொண்ட பின்னரே உள்ளே கை. பாரமான சக்கரமுள்ள இயந்திரம் மின்சாரம் நின்ற பின்னரும் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால், அது முற்றாக நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். உலகமெங்கும் தொழிற்சாலைகளில் இருக்கும் முறைதான் இது. ஆயினும் சிவப்புக் கட்டையை விளக்கிச் சொல்ல எங்களுக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. சிவப்புக் கட்டைக்கு அப்பால் போகக்கூடாது, அவ்வளவுதான். சுவிச்சில் துளையிட்டுப் பூட்டுக் கொளுவும் தகட்டைச் செய்து தந்தவர், அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் படித்துவிட்டு இங்கேயே வேலை செய்யும் ஓர் இளைஞர். ஒரு சுவிச்சுக்கு ஆன செலவு அரை மூடை அரிசியின் விலைகூட இல்லை.

சாரம் பற்றியும் அன்று பேசினோம். உழவு இயந்திரத்தின் பின்பக்கச் சுழல் தண்டில் இணைத்துச் சூடடிக்கும் இயந்திரத்தை ஓட்டுபவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அந்தத் தண்டின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு 9. சாரத்தின் ஒரு நுனி அதில் தொட்டால், "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒன்பது சுற்றுச் சுற்றிவிடும். மனிதனின் கை சுவிச்சைத் தேடிப் போக எடுக்கும் நேரம் அதைவிட நீளம். பொறியியலாளர் ஒரு பழைய சாரத்தைத் தடியில் சுற்றிக் காட்டியபோது எவரும் பேசவில்லை. ஆனால் காற்சட்டை போடுங்கள் என்ற அறிவுரையோடு அவர் நிறுத்தியிருந்தால் அது காற்றோடு போயிருக்கும். வைகாசி வெயிலில், அவியல் தொட்டியின் ஆவிக்குள் நிற்பவருக்குத் தடித்த காற்சட்டை ஒரு தண்டனை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே இறங்கும் இறுக்கமான பருத்திக் காற்சட்டை இரண்டை ஒவ்வொருவருக்கும் ஆலையே வாங்கிக் கொடுப்பது என்றும், பெண்கள் பின்னலைக் கொண்டையாக முடிந்து துணியால் கட்டுவது என்றும் முடிவானது. அந்த முடிவை எடுத்தவர்கள் தொழிலாளர்கள். நாங்கள் காசு கொடுத்தோம்.

மூடையின் பாரம் பற்றிய பேச்சு அவ்வளவு இலகுவாக முடியவில்லை. வளர்ந்த ஆண் ஒருவர் வழமையாகச் சுமக்கும் பாரம் 55 கிலோவை மிஞ்சக்கூடாது என்பது சர்வதேசத் தொழில் அமைப்பு 1967 இலேயே செய்த பரிந்துரை. எங்கள் நெல் மூடைகள் அதைவிடப் பாரமானவை. மூடையைச் சிறிதாக்கினால் மூடைக்கணக்கில் கூலி வாங்குபவரின் வருமானம் என்னாகும், வியாபாரி ஏற்பாரா, சாக்கு எங்கே கிடைக்கும் என்று கேள்விகள் எழுந்தன. இரண்டு பேர் சேர்ந்து தள்ளும் கைவண்டிகளைச் சில ஆலைகள் வாங்கியிருக்கின்றன. மற்றபடி இந்த விடயத்தில் நாங்கள் இன்னும் தோற்றுக்கொண்டே இருக்கிறோம்.

இரண்டாம் பயிற்சிக்கு, பரந்தனில் போருக்கு முன்னர் இயங்கிய இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்த பெரியவர் ஒருவரை அழைத்தோம். ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த இடம் அது. எண்பது வயதை அண்மித்தவர். ஆனால் எதைப்பற்றிக் கதைக்கத் தொடங்கினாலும் முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரமானது, பள்ளத்தில் தேங்கும்; கசிந்தால் காற்றுக்குக் குறுக்காக, மேட்டை நோக்கி நடக்க வேண்டும் என்றார். எங்கள் ஆலைகளில் குளோரின் இல்லை. ஆனால் பள்ளங்கள் இருக்கின்றன: எலிவேற்றர்க் குழி, நெல் ஊறப்போடும் தொட்டி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கிணறு.

கிணற்றைப் பற்றி அவர் சொன்னதை நான் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் இது ஆலைக்காரருக்கு மட்டும் உரிய விடயமல்ல. நீரிறைக்கும் இயந்திரம் தண்ணீரை உறிஞ்சித் தூக்கக்கூடிய உயரம் நடைமுறையில் 25 அடி அளவுதான். எவ்வளவு பெரிய இயந்திரமானாலும் வளிமண்டல அமுக்கம் அதற்கு மேல் இடம் கொடாது. கோடையில் நீர்மட்டம் கீழே போனதும், கிணறு துப்புரவாக்குபவர்கள் இயந்திரத்தையே கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். மண்ணெண்ணெயோ பெற்றோலோ எரிந்து வரும் புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் இறங்கியவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்கும் தம்பியும் மயங்குவார், மூன்றாமவரும் இறங்குவார். விளக்கை இறக்கிப் பார்த்தோம், எரிந்தது, ஆகவே காற்று நல்லது என்று சொல்வது எங்கள் ஊர் வழக்கம். விளக்கு அணைவது ஒட்சிசன் குறைந்ததைத்தான் காட்டும். காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருக்கும்போதும் விளக்கு நன்றாகவே எரியும். ஆகவே, எரிபொருளில் ஓடும் இயந்திரம் எக்காரணம் கொண்டும் கிணற்றுக்குள் இறங்கக்கூடாது. நீரில் அமிழ்த்தி ஓட்டும் மின்சாரப் பம்பியை, 30 மில்லி அம்பியர் மின்கசிவிலேயே தானாக விழும் ட்ரிப் சுவிச்சினூடாக இணைத்துப் பயன்படுத்தலாம். ஆனால் ஆள் தண்ணீரில் நிற்கும்போது அதுவும் ஓடக்கூடாது. இறங்குபவரின் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும், அதன் மறுமுனை மேலே இருவரின் கையில் இருக்க வேண்டும். விழுந்தவரைக் காப்பாற்றக் கயிறில்லாமல் இன்னொருவர் இறங்கக் கூடாது. இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவருடைய மச்சான் அப்படித்தான் இறந்தவர் என்று பின்னர் அறிந்தோம்.

முதலுதவி வகுப்பைச் சுகாதாரப் பகுதியினர் நடத்தினார்கள். அது நன்றாக அமைந்தது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை 2018 இலிருந்து வடக்கிலும் இருக்கிறது. ஆனாலும் எங்கள் ஆலைகளில் பாதிக்கு, அழைத்தால் வழி சொல்லத் தெரியாது. ஒவ்வோர் ஆலையின் சுவரிலும், ஏ9 வீதியிலிருந்து எந்தச் சந்தியில் திரும்பி, எந்த வாய்க்காலைக் கடந்து வரவேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தோம்.

அடுத்த போகத்தில் பிழையாகிப் போனவற்றையும் சொல்ல வேண்டும். மாசி மாதத்தில் ஆலைகளைச் சுற்றி வந்தபோது, பட்டிகளுக்குப் போட்ட கம்பிவலை மறைப்புகள் பல கழற்றப்பட்டுச் சுவரில் சாத்தியிருந்தன. முதலில் எனக்குக் கோபம் வந்தது. காரணம் கேட்டபோது, தளர்ந்த பட்டியை இறுக்குவதற்கு மறைப்பின் எட்டு ஆணிகளையும் கழற்ற வேண்டியிருக்கிறது, அரை மணித்தியாலம் போகிறது, முதலாளி சத்தம் போடுகிறார் என்றார்கள். கீல் வைத்து ஒரே ஆணியில் திறக்கக்கூடியதாக மறைப்புகளைத் திருப்பிச் செய்தோம். இப்போது பெரும்பாலும் அவை அவற்றின் இடத்தில் இருக்கின்றன. வேலையை இடைஞ்சல்படுத்தும் பாதுகாப்பை வேலையாள் கழற்றிவிடுவார். அவரைக் கண்டிப்பதற்கு முன்னர் மறைப்பைச் செய்தவரிடம் போக வேண்டும்.

மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுத ஒவ்வோர் ஆலையிலும் ஒரு கொப்பி கட்டித் தொங்கவிட்டோம். பெயர் எழுதத் தேவையில்லை. இரண்டு மாதம் வெறுமையாகவே கிடந்தது. முதலில் எழுதியவர் நெல் காயவிடும் தளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்: பாடசாலை விடுமுறைக்கு வந்த பையன் ஓடும் பட்டிக்கு அடியில் குனிந்து உமி கூட்டினான் என்று இரண்டு வரி. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது என்பதும், ஆபத்தான வேலைக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதும் அந்த ஆலைக்காரருக்கு அதன் பின்னரே தெரிந்தது. கொப்பிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சங்கம் சேர்த்து, எந்த ஆலை என்று சொல்லாமல், பயிற்சி தருபவரிடம் கொடுக்கிறது. அடுத்த மார்கழிப் பாடம் அதிலிருந்தே வருகிறது.

சான்றிதழ் பற்றி ஒரு சொல். அதைக் கொடுத்தால் ஆட்கள் கட்டாருக்கோ கொழும்புக்கோ போய்விடுவார்கள் என்று பயந்த உறுப்பினர்கள் இருந்தார்கள். சிலர் போனார்கள்தான். ஆனால் தனது பெயர் பிழையின்றித் தமிழில் அச்சிட்ட ஒரு தாளை வாழ்க்கையில் முதன்முறையாக வாங்கிய ஒருவர், அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பதை நான் கண்டேன். அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமை வழங்கும் முறையும் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிப்பவர்களுக்குக் கடிதம் கொடுப்பதைச் சங்கம் தனது வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வேறு தொழில் சங்கங்கள் விசாரிக்கின்றன. 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவகத்துக்கும் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கும் ஒரே நேரத்தில் எழுதுங்கள், கடிதத்தில் தமிழில் பயிற்சி தேவை என்பதையும் எந்த இயந்திரங்கள் இருக்கின்றன என்பதையும் குறிப்பிடுங்கள் என்று சொல்கிறேன். கட்டட ஒப்பந்தகாரர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: அத்திவாரம் வெட்டும்போது தெரியாத இரும்பு எதையாவது கண்டால் மண்வெட்டியை அவ்விடத்திலேயே வைத்துவிட்டு, வந்த கால்தடத்தால் திரும்பி வாருங்கள், பொலிசாருக்கோ கிராம சேவையாளருக்கோ அறிவியுங்கள். இது எங்கள் மண்ணில் வேலைப் பாதுகாப்பின் முதற்பாடம். வெளியிலிருந்து வரும் பயிற்சி ஏடுகளில் இதற்குப் பக்கம் இராது.

விரல் இழந்த தம்பி இப்போதும் என்னிடமே இருக்கிறார், தராசடியில். பயிற்சிகளுக்கு அவரை நான் அழைத்ததில்லை. அழைப்பது கொடுமை என்று நினைத்திருந்தேன். கடந்த மார்கழியில் அவராகவே வந்து பின்னால் இருந்தார். நான் வழமைபோல அந்த நாளை விவரித்து, மின்சாரம் திடீரென்று வந்ததையும் ஸ்ராட்டர் பழுதானதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து, "அண்ணை, கரண்ட் நிண்டவுடனை நான் சுவிச்சடிக்குத்தான் வெளிக்கிட்டனான். நீங்கள்தான் 'கெதியா எடு, கெதியா எடு' எண்டு சத்தம் போட்டனீங்கள். அதாலைதான் திரும்பி வந்தனான்," என்றார்.

எனக்கு அது நினைவில் இல்லை. அவர் பொய் சொல்பவரும் இல்லை. அன்று எங்கள் விதிகளில் ஒன்றைக் கூட்டினோம்: சிவப்புக் கட்டை தொங்கும் வரையும், அது தொங்கும் நேரம் முழுவதும், உரிமையாளரோ மேற்பார்வையாளரோ அந்த இயந்திரத்தின் பக்கமாக வாய் திறக்கக்கூடாது. அதைத் தாளில் எழுதிச் சுவிச்சுக்கு மேலே ஒட்டியவர் அவர்தான், இடக்கையால். வரும் மார்கழிக்கு, வெளிமாவட்டங்களிலிருந்து அறுவடை இயந்திரங்களோடு வருபவர்களையும் சேர்த்துக்கொள்வதென்று தொழில் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம். அவர்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை. அவர்களுடைய அந்த நாளின் கூலியை யார் கொடுப்பது என்பதில் இன்னும் முடிவு வரவில்லை.